சாதம் வடித்த பிறகு

முழங்காலைப் படம் எடுத்துவரச் சொன்னார்கள் என்று நேற்று செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து எக்ஸ்ரே சென்டருக்குப் போயிருந்தேன். துணைக்கு என் மாட்டுப்பெண். அறைக் கதவில் மராத்தியிலும் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் ஒரு பலகை மாட்டியிருந்தது. கர்ப்பமாக இருக்கும் பெண்களும், இருக்கலாமோ என்று சந்தேகம் உள்ள பெண்களும் முன்னாடியே சொல்லிவிட வேண்டுமாம். அதைப் படித்துக்கொண்டு நிற்கும்போதே, கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த பெண் தலை நிமிராமல் என்னையும் கேட்டுவிட்டாள், "ப்ரெக்னன்ட் தோ நஹீ ஹை நா?" கேட்ட பிறகுதான் என் வெள்ளைத் தலையைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். "யார் கண்டது, எதற்கும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று நான் ஹிந்தியில் சொன்னேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் மாட்டுப்பெண் மட்டும் எனக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாதது போல் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

நீ இருந்திருந்தால் என் கையைக் கிள்ளியிருப்பாய். போன மழைக்காலத்தில் நீ போய்விட்டதாகக் கல்யாணிலிருந்து உன் பெண் போன் பண்ணிச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. அது இத்தனை நாள் எங்கேயோ ஒளிந்திருந்து, அந்தப் பலகையின் முன்னால், சிரித்து முடித்த கையோடு வந்தது. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் துடைத்துக்கொண்டேன்.

என் முறை வரவில்லை. ஏ.சி. குளிர் எலும்பு வரை இறங்கியது. யாரோ ஒரு பெண் தலை நிறைய மல்லிகையோடு பக்கத்தில் வந்து உட்கார, அந்த வாசனையிலேயே எனக்குக் கண் செருகிவிட்டது. அப்புறம் பக்கத்தில் இருந்தது நீதான். கண்ணாடியும் கைத்தடியுமாகக் கடைசியில் பார்த்த நீ இல்லை, மாதுங்கா நாட்களின் நீ. நீல வாயல் புடவை, தோளில் ஆபீஸ் பை, கடிகாரப் பட்டையில் செருகிய டிராம்பே பஸ் டிக்கெட். வெளியே மழை பெய்வது போல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது மழைக்காலமே இல்லை.

மாதுங்கா கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எதிரும் புதிருமாக நம் கதவுகள். இரண்டும் பகலில் மூடியதே கிடையாது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவர்கள் நாம். இரண்டு பேரும் பாலக்காட்டுப் பக்கம். என் வீட்டில் நானும் அவரும் மட்டும். உன் வீட்டில் உன் ஆத்துக்காரரும், அவருடைய அம்மாவும். நீ அவரை அம்மா என்பாய், எனக்கு அவர் மாமி. டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் நீ டைப்பிஸ்ட். எங்கள் மாடியில் வேலைக்குப் போகிற மருமகள் நீ ஒருத்திதான். மாமிக்கு அதில் பெருமையும் உண்டு, முணுமுணுப்பும் உண்டு.

மாதாமாதம் மூன்று நாள் தூரம் என்று கேலரி என்று நாம் சொல்கிற பின்பக்கத்துப் பால்கனியில் விலகி உட்கார வேண்டும். பாய் தனி, தட்டு தனி, டம்ளர் தனி. யாரையும் தொடக்கூடாது. இன்றைய பெண்களுக்குச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பார்கள். அந்த ஒன்றரை அறை வீடுகளில் இதில் ரகசியம் என்று எதுவும் மிஞ்சாது. கேலரியில் யார் உட்கார்ந்திருக்கிறாள், யார் இன்றைக்குத் தலை குளித்து ஈரக் கூந்தலோடு நிற்கிறாள் என்பது எதிர்க் கட்டடத்துக்குக்கூடத் தெரியும். நம் உடம்பின் பஞ்சாங்கம் நம்மிடம் இல்லை, மாமியிடம்தான் இருந்தது. உறவே இல்லாத என் கணக்கும் அவரிடம் இருந்தது. "என்னடி, இந்த மாசம் இன்னும் உக்காரல்லையே?" என்று படிக்கட்டில் வைத்துக் கேட்பார்.

தெருக்கோடி டாக்டருக்கும் அந்தப் பஞ்சாங்கம்தான் வேண்டும். நல்ல மனுஷர், கைராசிக்காரர், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணமான சின்ன வயசுப் பெண் ஒருத்தி உள்ளே நுழைந்தால் அவர் பார்வை நேரே வயிற்றுக்குப் போகும். கேள்வி, கூட வந்த பெரியவளுக்குப் போகும். எனக்குக் காலில் துருப்பிடித்த ஆணி குத்தி மாமி அழைத்துக்கொண்டு போனாரே, நினைவிருக்கிறதா? பாதத்தில் ரத்தம் கொட்டுகிறது, டாக்டர் மாமியைப் பார்த்து, "இவ குளிச்சு எத்தனை நாளாச்சு?" என்கிறார். "சின்ன வயசு, கல்யாணம் ஆனவ. இருக்குன்னு வெச்சுண்டுதான் நான் வைத்தியம் பண்ணணும்" என்பது அவர் வாக்கு. வெளிநாட்டில் ஏதோ மாத்திரையால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்ததாகப் பேப்பரில் வந்து எல்லா டாக்டரும் கதிகலங்கிப் போயிருந்த காலம் அது. அந்தப் பயத்தை இப்போது நான் குறை சொல்லமாட்டேன். இன்னும் வராத ஒரு ஜீவனைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்பட்டார், எதிரே உட்கார்ந்திருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்கத்தான் தோன்றவில்லை. அன்றைக்கு நான் நொண்டிக்கொண்டே வந்து சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நாமல்லாம் அவருக்கு டிபன் டப்பாடி. மூடியைத் தொறக்காமயே உள்ளே என்னன்னு கேப்பர்."

அந்தச் சிரிப்பு சிரித்த நீதான் கடைசியில் மாட்டிக்கொண்டாய்.

உன் மாமனாரின் திவசம். வழக்கம் போல மருமகளான நீதான் மடியாகச் சமைத்தாய். மாமி முந்தின நாளிலிருந்து பட்டினி. சாஸ்திரிகள் வந்து உட்கார்ந்தாயிற்று, ஹோமப் புகை எங்கள் வீடு வரை வந்தது. எல்லாம் முடிந்து சாயங்காலம் நீ என் சமையலறையில் வந்து நின்றாய். முகத்தில் ரத்தமே இல்லை. "உலையிலே அரிசியைப் போட்டுட்டு நிமிர்ந்தேன்டி. அப்போ வந்துடுத்து. நாள் கூட இல்லை, முன்னாடியே வந்துடுத்து. அம்மா வாசல்லே கண்ணை மூடிண்டு ஒக்காந்திருந்தா. என்னன்னு சொல்றது? வாயை மூடிண்டு சாதத்தை வடிச்சேன். பாயசம் வெச்சேன். பரிமாறினேன்." நான் காபி கலந்து கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

அந்த மாதம் நீ உட்காரவில்லை. எப்படி உட்கார முடியும்? அடுத்த மாதமும் உட்காரவில்லை. அப்போது பயம் கொஞ்சம் போயிருந்தது. "வானம் இடிஞ்சு விழல்லையேடி. நான் கேலரியிலே ஒக்காந்தா விடியக்காலம் குழாயிலே அம்மாதானே தண்ணி பிடிக்கணும்? அந்த முட்டியை வெச்சுண்டு வாளி தூக்கறதைப் பாக்க நேக்குப் பொறுக்கல்லை" என்றாய். அதுவும் நிஜம். உன் துணிகள் என் வீட்டுக் கொடியில் காய்ந்தன.

மூன்றாம் மாதம் உனக்கு இருமல் வந்தது. சாயங்காலமானால் மெல்லிசாக ஜுரம். சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். இருமி இருமியே வாந்தி. மாமி பார்த்தார், தன் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், விரலை மடக்கினார். அவர் முகம் மலர்ந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கல்யாணமாகி நாலைந்து வருஷம் அவர் வேண்டாத தெய்வம் கிடையாது. மார்க்கெட்டுக்குத் தானே போய் மாங்காய் வாங்கிவந்தார். பெட்டியைத் திறந்து, காலமான தன் கணவரின் பழைய வேஷ்டிகளை எடுத்தார். தோய்த்துத் தோய்த்துப் பூப்போல ஆகியிருந்த வேஷ்டிகள். அவற்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, குழந்தைத் துணி என்று அடுக்கி வைத்தார். மழை நாட்களில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பதும், நீ உள்ளே இருமிக்கொண்டிருப்பதும் எனக்கு இங்கிருந்து தெரியும். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நான் என் கதவை முதல் தடவையாகச் சாத்திக்கொண்டேன்.

டாக்டரிடம் மாமி அழைத்துக்கொண்டு போனார். அவர் கேள்வியை மாமியிடம் கேட்டார், மாமி பதில் சொன்னார். அவ்வளவுதான் பரிசோதனை. எக்ஸ்ரே கூடவே கூடாது, பலமான ஊசி கூடாது. இரும்புச் சத்து டானிக் குடிக்கட்டும், நெய் சேர்த்துக்கொள்ளட்டும். "பொறந்துட்டா எல்லாம் தன்னாலே சரியாயிடும்" என்றாராம். என்னிடம் சொல்லும்போது நீ சிரிக்கப் பார்த்தாய். இருமல்தான் வந்தது. கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தாய். நாம் இருவருமே அதைப் பார்த்தோம். நீலப் பூப்போட்ட கைக்குட்டை, அதில் குங்குமப்பொட்டு அளவுக்கு ரத்தம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இப்பவே போய்ச் சொல்லு. இல்லாட்டா நான் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவை? அவா ஆம்படையானுக்கு இந்த வருஷம் சாப்பாடு போகல்லைன்னா?"

"போனவருக்கு ஒரு வேளை போகாட்டா போறதுடி! நீ இருக்கணுமே!"

"நோக்கு அது ஒரு வேளை. அவாளுக்கு வருஷத்துக்கே அது ஒண்ணுதான்" என்றாய். உன் வீட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாய். "அவா அந்த வேஷ்டியைக் கிழிக்கறதைப் பாத்தியோ? எப்படிடி சொல்றது?"

உன்மேல் கோபம், மாமிமேல் கோபம், அந்த டாக்டர்மேல் கோபம். ராத்திரி பகல் தெரியாமல் பெய்த அந்த மழைமேல்கூடக் கோபம். தாதரில் ஒரு மராத்திக்கார லேடி டாக்டர் இருப்பதாக என் வீட்டுக்காரரின் ஆபீஸில் விசாரித்துக்கொண்டு வந்தேன். பிரசவத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வரலாம் என்று மாமியிடம் சொன்னேன். உன்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போவதுதான் என் உத்தேசம். மாமி விடுவாரா? "மழைக்காலம், வழுக்கும்" என்று குடையை எடுத்துக்கொண்டு அவரும் கிளம்பிவிட்டார்.

அந்த அறை எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. மங்கலான விளக்கு, மேஜைக்குப் பின்னால் காட்டன் புடவையில் ஒரு கட்டை குட்டையான டாக்டர். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, வெளியே போகிற பஸ்ஸெல்லாம் கரைந்து கரைந்து போயிற்று. கடைசியாக எப்போது ஆயிற்று என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டார். மாமி தன் ஓட்டை ஹிந்தியில், "தீன் மஹினா..." என்று மூன்று மாதக் கணக்கை ஆரம்பித்தார். டாக்டர் கையை உயர்த்தினார். "ஆப் நஹீ, மாஜி. இஸ்கோ போல்னே தோ." நீங்கள் இல்லை, இவள் சொல்லட்டும். அப்படி ஒருத்தர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அந்த டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் இங்கிலீஷில் பேசினாய். கர்ப்பம் இல்லை, மாதாமாதம் வருகிறது, போன வாரம்கூட வந்தது, ஜுரம் எப்போதிருந்து, ரத்தம் எப்போதிருந்து, எல்லாவற்றையும் சொன்னாய். டைப் அடிப்பது போல் நிறுத்தாமல் கடகடவென்று சொன்னாய். மாமிக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. டாக்டர் உடனே எழுந்து, பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. காரியம் முடிந்தது. மாமிக்கு ஒன்றும் தெரியாமலே முடிந்தது, வீட்டுக்குப் போய் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

"என்னடி சொன்னே டாக்டர்கிட்டே?" என்றார் மாமி.

நீ சமாளித்திருக்கலாம். நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ மாமியின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாய். "அம்மா, குழந்தை இல்லைம்மா. எல்லா மாசமும் வந்திண்டுதான் இருந்தது. நான் சொல்லல்லை. திவசத்தன்னிக்கு, சமைச்சிண்டிருக்கச்சே வந்துடுத்து. அன்னிலேர்ந்து சொல்ல வாய் வரல்லை."

மாமி கத்துவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டிருந்தேன். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாதம் வடிக்கறதுக்கு முன்னாடியா, அப்பறமா?"

உலையில் அரிசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது என்று நீ சொன்னது என் காதில் இருக்கிறது. இத்தனை உண்மையைச் சொன்னவள் அவர் கண்ணை நேராகப் பார்த்தாய். "வடிச்சப்பறம்தாம்மா. பாயசம் கூட இறக்கியாச்சு" என்றாய்.

"அப்போ அவர் சாப்பிட்டுட்டார்" என்றார் மாமி. அது கேள்வியா பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. நீ தலையை ஆட்டினாய். மாமி குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு டாக்டரைப் பார்த்து, "படம் எடுங்கோ" என்று தமிழிலேயே சொன்னார். டாக்டருக்குப் புரிந்தது.

கழுத்தில் இருப்பதைக் கழற்றவேண்டும் என்று உதவிக்கு இருந்த பெண் சொன்னபோது நீ தாலியைப் பிடித்துக்கொண்டு தவித்தாய். மாமி என் தலையைப் பார்த்தார். "அந்தப் பூவை எடு. நான் கட்டப்படாது, நீ கட்டி விடு." என் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தை அவிழ்த்து உன் கழுத்தில் கட்டினேன். தாலிச் செயினை மாமி உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டார். நீ கழுத்தில் மல்லிகையோடு அந்த இருட்டு அறைக்குள் போனாய், கதவு சாத்திக்கொண்டது. நேற்று பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு நான் பார்த்ததும் அதைத்தான். கதவு சாத்துகிறது, பூ வாசனை மட்டும் இந்தப் பக்கம் தங்கிவிடுகிறது.

படத்தில் நெஞ்சின் மேல்பக்கத்தில் சளி பிடித்த மாதிரி ஒரு வெளுப்பு இருந்தது. டி.பி. தான். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம், இப்போது மருந்து இருக்கிறது என்றார் டாக்டர். தினம் ஊசி, கை நிறைய மாத்திரை. காற்றோட்டமாகப் படுக்க வேண்டும் என்றதால் உனக்குப் பின்பக்கத்துக் கேலரியிலேயே இடம் போட்டார்கள். தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். அதைப் பார்த்துவிட்டு நீ என்னிடம் கண்ணைச் சிமிட்டினாய். "மூணு மாசத்துப் பாக்கியைச் சேத்து ஒக்காரறேன்டி." ஆனால் இந்தத் தடவை மாமி வாசற்படியோடு நிற்கவில்லை. உன் தலையைத் தன் மடியில் வைத்து நெஞ்சைத் தடவிக் கொடுத்தார். இருமினால் பிடிக்க, ஜன்னலோரம் அடுக்கி வைத்திருந்த அந்த வேஷ்டித் துணிகளைத்தான் எடுத்தார். ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே தகர டப்பாவில் போட்டு எரித்தார். வராத குழந்தைக்காகவும் அவர் அழுததுண்டு. மார்க்கெட்டில் மாங்காய்க் கூடையைப் பார்த்து ஒரு நாள் அப்படியே நின்றுவிட்டார். இல்லாத ஒன்றைப் பறிகொடுத்தவளுக்கு என்ன ஆறுதல் சொல்வது? நான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தேன்.

நீ பிழைத்தாய். மறுபடியும் பஸ் ஏறி டிராம்பே போனாய். பிற்பாடு பெண் பிறந்தாள். அவள் வயிற்றில் வந்தபோது, "நாள் தள்ளிப் போயிருக்கோ?" என்று மாமி உன்னையே கேட்டதாகச் சொல்லிச் சிரித்தாய்.

அதற்கெல்லாம் முன்னால், நீ எழுந்து நடமாட ஆரம்பித்தபிறகு முதலில் வந்த திவசம். விடியற்காலையில் மாமி உன்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு நன்னா இருக்கியோன்னோ? இல்லைன்னா சொல்லு, சமையல்கார மாமியை வரச் சொல்றேன்" என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாய். "அப்போ நீயே பண்ணு" என்றார். நீ அரிசியைக் களைந்து அளந்தபோது அவர் பின்னாலேயே வந்து நின்றாராம். "இன்னொரு மடங்கு போடு. எல்லாத்தையும் ரெட்டிப்பா பண்ணு. பாயசமும்." ஏன் என்று நீ கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சாஸ்திரிகளின் இலையில் அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்று மேலும் மேலும் பரிமாறச் சொன்னதைப் பார்த்து அவர்களே போதும் போதும் என்று கையை மறித்தார்களாம்.

சாயங்காலம் போன வருஷம் போலவே என் சமையலறையில் வந்து நின்றாய். "அவா நம்பல்லைடி" என்றாய். "நான் சொன்னதை அன்னிக்கே நம்பல்லை. தெரிஞ்சிண்டேதான் படம் எடுங்கோன்னு சொல்லியிருக்கா." அழுதாய். நானும் அழுதேன். அப்புறம் இரண்டு பேரும் மிச்சமிருந்த பாயசத்தை ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். அவ்வளவு தித்திப்பு. மாமி சாகிற வரைக்கும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை, நீயும் விடவில்லை.

யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். விழித்துப் பார்த்தால் பக்கத்தில் மல்லிகை வைத்த அந்தப் பெண் இருந்தாள். அவளோடு வந்த அம்மாள் கவுன்ட்டரில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நாள், மாசம், எல்லாவற்றையும் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்க முடியாமல் எழுந்துபோய், "இஸ்கோ போல்னே தோ" என்றேன். அவர்களுக்கு என்னைப் பைத்தியம் என்று தோன்றியிருக்கும், தோன்றட்டும். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் கவுன்ட்டர் பக்கம் திரும்பி ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

படம் எடுத்தார்கள். முழங்கால் தேய்ந்துபோய்விட்டதாம், இதைச் சொல்ல ஒரு படம். திரும்பி வரும்போது ஆட்டோவில் நினைத்துக்கொண்டேன். தாதர் அறையில் இருந்தவர்களில் மாமி போய்ப் பல வருஷமாயிற்று. அந்த டாக்டர் எப்போதோ போயிருப்பார். இப்போது நீயும் இல்லை. உலையில் அரிசி போட்ட அந்த நிமிஷம் இனிமேல் என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. போகிற இடத்தில் மாமியை நான் பார்க்க நேர்ந்து, என்னையும் தனியாகக் கூப்பிட்டு அதையே கேட்டாலும் கேட்பார். கவலைப்படாதே. வடிச்சப்பறம்தான் மாமி, பாயசம் கூட இறக்கியாச்சு என்றுதான் நானும் சொல்வேன்.